13 அடிச் சுவரும் 500 ரூபாயும்

2018 மார்ச்சில் ஆதார் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் நடந்துகொண்டிருந்தது. அப்போது மத்திய அரசின் தலைமை வழக்கறிஞராக இருந்த கே.கே.வேணுகோபால், ஐந்து நீதிபதிகளின் முன்னால் ஒன்று சொன்னார். மக்கள் கொடுத்த விவரங்கள் 13 அடி உயரமும் 5 அடி கனமும் உள்ள சுவருக்குப் பின்னால் பத்திரமாக இருக்கின்றன என்றார். பேப்பரில் அதைப் படித்தபோது கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு தடவை படித்தேன். பெரிய சட்ட மேதை, அவரைக் குறை சொல்ல எனக்குத் தகுதி கிடையாது. ஆனால் அந்தச் சுவரைக் குறை சொல்லத் தகுதி உண்டு. நான் ராயபுரத்தில் குடியிருப்பவன்.

ராயபுரத்துக்கும் சுவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பவர்கள் வால்டாக்ஸ் ரோடு வழியாக ஒரு தடவை போய்வரவும். 1746-இல் லா பூர்தொனே தலைமையில் பிரெஞ்சுக்காரர்கள் கப்பலில் வந்து ஜார்ஜ் கோட்டையைச் சில நாட்களில் பிடித்தார்கள். 1758 டிசம்பரில் லாலி வந்தார். கறுப்பர் நகரம் பெரிய எதிர்ப்பில்லாமல் அவர் கையில் விழுந்தது, கோட்டை மட்டும் தாக்குப்பிடித்தது. (நான் படித்தது பாண்டிச்சேரியில், பிரெஞ்சு வழியில். இதே கதையை அங்கே வேறு சுருதியில் சொல்லிக்கொடுத்தார்கள். அதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.) பயந்துபோன கம்பெனிக்காரர்கள் பிறகு கறுப்பர் நகரத்தைச் சுற்றி மதில் கட்டினார்கள். கட்டிய செலவை உள்ளே குடியிருப்பவர்கள் தலையில் வரியாகப் போடத் திட்டமிட்டார்கள். அந்த வரியின் பெயர்தான் ரோட்டுக்கு நின்றுவிட்டது. மதிலில் மிஞ்சிய ஒரு துண்டின் மேல் இன்று மாடிப் பூங்கா இருக்கிறது.

அந்த மதிலுக்கும் வாசல்கள் இருந்தன. இல்லாமல் எப்படி? உள்ளே துணி போக வேண்டும், அரிசி போக வேண்டும், ஆட்கள் போய்வர வேண்டும். வாசலே இல்லாத மதிலுக்குப் பெயர் சமாதி. ஆதாரும் அப்படித்தான். ரேஷன் கடை, வங்கி, சிம் கார்டு விற்பவர், இ-சேவை மையம் என்று எல்லோரும் நாள் முழுக்கக் கதவைத் தட்டுகிறார்கள். கதவை யார் திறக்கிறார், எவ்வளவு திறக்கிறார், திறந்ததை யார் எழுதிவைக்கிறார் என்பதுதான் கேள்வி. சுவரின் கனத்தைச் சொல்வது அந்தக் கேள்விக்குப் பதில் ஆகாது.

அதே 2018 ஜனவரியில் சண்டிகரின் 'தி டிரிப்யூன்' பத்திரிகை இதைக் காட்டியிருந்தது. அவர்களுடைய செய்தியாளர் யாரோ ஒரு ஏஜெண்டுக்கு 500 ரூபாய் அனுப்பினார். பத்து நிமிடத்தில் ஒரு பயனர் பெயரும் பாஸ்வேர்டும் வந்தன. அதில் நுழைந்து எந்த ஆதார் எண்ணைப் போட்டாலும் பெயர், முகவரி, புகைப்படம், தொலைபேசி எண் எல்லாம் வந்தன. கைரேகை, கருவிழி எதுவும் வெளியே போகவில்லை, குறைதீர்ப்புக்காகக் கொடுத்த தேடும் வசதியை யாரோ தவறாகப் பயன்படுத்திவிட்டார்கள் என்று ஆதார் ஆணையம் பதில் சொன்னது. அந்தப் பதிலை அப்படியே உண்மை என்று வைத்துக்கொள்கிறேன். அப்படியானால் எனக்குக் கோபம் இன்னும் கூடுகிறது. ஒரு ஆளுடைய புகாரைத் தீர்க்க உட்கார்ந்திருப்பவருக்கு நூறு கோடிக்கும் மேற்பட்டவர்களின் விவரத்தைத் தேடும் வசதி எதற்கு?

எந்த அரசு அலுவலகத்திலும் ரிக்கார்டு ரூம் என்று ஒன்று உண்டு. அங்கிருந்து ஒரு ஃபைல் வேண்டுமானால் சீட்டு எழுத வேண்டும், மேலே இருப்பவர் கையெழுத்துப் போட வேண்டும், ரிஜிஸ்டரில் பதிய வேண்டும். அந்த ஒரு ஃபைல்தான் கைக்கு வரும். ஃபைல் கேட்டவனிடம் ரூம் சாவியைத் தூக்கிக் கொடுத்து "நீயே தேடிக்கோ" என்று எந்த ரிக்கார்டு கீப்பரும் சொல்லமாட்டார். எழுதப் படிக்கத் தெரிந்த கடைசி குமாஸ்தாவுக்கும் தெரிந்த இந்த விஷயத்துக்குக் கம்ப்யூட்டர்காரர்கள் 'லீஸ்ட் பிரிவிலேஜ்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். வேலைக்குத் தேவையான அதிகாரம் மட்டும், அதற்கு மேல் ஒரு துளி கிடையாது.

இந்தப் பெயர்களை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் எதிர்வீட்டுப் பையன். சிறுசேரியில் வேலை. "தாத்தா, நீங்க சொல்றதெல்லாம் 1975-லயே எழுதிட்டாங்க" என்று ஒரு கட்டுரையை அச்செடுத்துக் கொடுத்தான். அமெரிக்காவில் ஜெரோம் சால்ட்ஸர், மைக்கேல் ஷ்ரோடர் என்ற இருவர் எழுதியது. கம்ப்யூட்டருக்குள் இருக்கும் தகவலைக் காப்பாற்ற எட்டு வடிவமைப்புக் கொள்கைகளை அதில் அடுக்கியிருக்கிறார்கள். எட்டில் ஒன்றுகூடச் சுவரைப் பற்றி இல்லை.

ஒன்று, சங்கதி எளிமையாக இருக்க வேண்டும் என்கிறது. இன்னொன்று, அனுமதி இல்லை என்பதுதான் ஆரம்ப நிலை, தேவைப்பட்டால் திறக்கலாம் என்கிறது. ஒவ்வொரு தடவையும் கேட்டுத்தான் உள்ளே விட வேண்டும், நேற்று வந்தவர்தானே என்று இன்றைக்கு விடக்கூடாது என்பது வேறொன்று. ரகசியத்தை நம்பி அமைப்பைக் கட்டாதே என்பதும் உண்டு. அதைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இதைப் பிரெஞ்சில் ஒருவர் 1883-லேயே எழுதிவிட்டார்.

ஓகுயிஸ்த் கெர்க்ஹாஃப்ஸ். பிறப்பால் டச்சுக்காரர், பாரிஸில் ஜெர்மன் மொழி கற்றுக்கொடுத்த வாத்தியார். ராணுவ சங்கேத எழுத்தைப் பற்றி ஒரு ராணுவ இதழில் 1883-இல் எழுதினார். பிரெஞ்சு மூலத்தை இணையத்தில் தேடிப் படித்தேன். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கிப் படித்த மொழி எழுபது வயதுக்கு மேல் உதவுகிறது என்றால் சும்மாவா! ஆறு நிபந்தனை வைக்கிறார். இரண்டாவது, உங்கள் முறை எதிரியின் கையில் கிடைத்தாலும் உங்களுக்குக் கஷ்டம் வரக்கூடாது. மூன்றாவது, சாவி என்பது எழுதிவைக்காமலேயே நினைவில் நிற்க வேண்டும், வேண்டும்போது மாற்றிக்கொள்ள முடிய வேண்டும். ஆறாவது, நீண்ட விதிப் பட்டியலை உருப்போடாமலும் மூளையைக் கசக்காமலும் பயன்படுத்தும்படி இருக்க வேண்டும்.

மூன்றாவதை மட்டும் நம் ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். இங்கே பல இடத்தில் சாவி நம்முடைய கட்டைவிரல். வங்கி மித்ரா கையில் இருக்கும் சின்ன மெஷினில் ஆதார் எண்ணைச் சொல்லி விரலை வைத்தால் பணம் வருகிறது. பாஸ்வேர்டு போனால் வேறு வைக்கலாம். விரல் போனால்? 2018-இல் ஹைதராபாத்தில் ஒரு சிம் கார்டு வியாபாரி பிடிபட்டார். நிலம் பத்திரப்பதிவு செய்தவர்களின் பத்திரங்களைப் பதிவுத்துறையின் இணையதளத்திலிருந்து எடுத்து, அவற்றில் இருந்த கைரேகையை ரப்பர் ஸ்டாம்ப் செய்வதுபோலச் செய்து, அந்த விரலால் சிம் கார்டுகளை உயிர்ப்பித்தார் என்பது வழக்கு. பத்திரத்தில் கைநாட்டு வைக்கச் சொன்னதும் அரசு, அதை எல்லோரும் பார்க்கும்படி ஏற்றியதும் அரசு, அதே கைநாட்டைச் சாவி ஆக்கியதும் அரசு. மூன்று இலாகாவும் ஒன்றையொன்று கேட்டுக்கொள்ளவில்லை. எந்தச் சுவர் இதைத் தடுக்கும்?

இரண்டாவது நிபந்தனைக்கு வருகிறேன். டிரிப்யூன் செய்தி வந்ததும் ஆணையம் செய்த முதல் காரியங்களில் ஒன்று போலீஸில் புகார் கொடுத்தது. அந்தப் புகாரில் செய்தியாளர் பெயரும் இருந்தது. ஓட்டையைக் காட்டியவர் மேல் வழக்குப் போடுகிற அமைப்பு, யாரும் ஓட்டையைப் பார்க்காமல் இருந்தால் போதும் என்று நினைக்கிறது. ஓட்டையை விற்பவன் எந்தப் பத்திரிகைக்கும் வரமாட்டான், 500 ரூபாயை வாங்கிக்கொண்டு போய்க்கொண்டே இருப்பான்.

எதிர்வீட்டுப் பையன் இங்கே என்னோடு சண்டைக்கு வருவான். "சுவரே வேணாம்னு சொல்லாதீங்க தாத்தா. கூடங்குளத்துல தனியா வெச்சதாலதான் தப்பிச்சோம்." அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 2019-இல் கூடங்குளம் அணுமின் நிலையத்தின் ஒரு கம்ப்யூட்டரில் வெளியாட்களின் வைரஸ் புகுந்தது. அது இணையத்தோடு இணைந்திருந்த நிர்வாகப் பிரிவுக் கம்ப்யூட்டர். அணு உலையை இயக்கும் பகுதி அதிலிருந்து துண்டிக்கப்பட்டு இருந்ததால் பாதிப்பு இல்லை என்றார்கள். இந்த முறைக்கு 'ஏர் கேப்' என்று பெயர், நடுவில் காற்று மட்டும். நல்ல முறைதான். ஆனாலும் ஈரானில் நதான்ஸ் அணு நிலையத்துக்குள் ஸ்டக்ஸ்நெட் புகுந்ததும் இதே காற்றைத் தாண்டித்தான், பென் டிரைவ் சவாரியில் போனதாகச் சொல்கிறார்கள். கூடங்குளத்தில் என்னை உறுத்துவது வேறு. அக்டோபர் 29-ஆம் தேதி, எங்கள் அமைப்பு தனித்தது, தாக்கவே முடியாது என்று அறிக்கை. மறுநாள் 30-ஆம் தேதி, ஆமாம், ஒரு கம்ப்யூட்டரில் வைரஸ் இருந்தது, செப்டம்பர் 4-ஆம் தேதியே தகவல் வந்தது என்று இன்னொரு அறிக்கை. சுவர் இருக்கிறது என்ற நம்பிக்கை வாயை முந்திக்கொண்டு பேசவைக்கிறது.

தீவு மாதிரி தனியாக வைப்பது அணு உலைக்குச் சரி. ரேஷனுக்கு ஆகாது, பென்ஷனுக்கு ஆகாது, துறைமுகத்துக்கும் ஆகாது. அங்கெல்லாம் ஊரோடு பேசித்தான் ஆக வேண்டும். அப்போது என்ன செய்வது என்றால், கப்பல்காரனைக் கேளுங்கள் என்பேன். கப்பலின் அடிப்பாகத்தைக் குறுக்குத் தடுப்புகள் போட்டு அறை அறையாகப் பிரித்திருப்பார்கள். ஒரு அறையில் ஓட்டை விழுந்தால் அந்த அறை மட்டும் நிரம்பும். திருவொற்றியூர், மணலி பக்கம் எண்ணெய்த் தொட்டிகளைச் சுற்றிக் குட்டையாக ஒரு கரை கட்டியிருப்பதும் இதற்குத்தான். தொட்டி உடைந்தாலும் எண்ணெய் அந்தக் கரைக்குள் நிற்கும். ஓட்டை விழும் என்று ஒப்புக்கொண்டு கட்டுவது இது. விழாது என்று சத்தியம் செய்து கட்டுவது அது.

வேடிக்கை என்னவென்றால், கப்பலில் இதைச் செய்யத் தெரிந்த கம்பெனிக்கே கம்ப்யூட்டரில் செய்யத் தோன்றவில்லை. 2017 ஜூன் 27-ஆம் தேதி உலகத்தின் மிகப் பெரிய கப்பல் கம்பெனிகளில் ஒன்றான மெர்ஸ்க் முடங்கியது. உக்ரைனில் வரிக்கணக்கு போடுகிற ஒரு மென்பொருளின் புதுப்பிப்பில் 'நாட்பெட்யா' என்ற வைரஸ் ஒளிந்து வந்தது. அங்கே ஒரு ஊர் அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டரில் அந்த மென்பொருள் இருந்தது. அங்கிருந்து உலகம் முழுக்க ஓடியது. நடுவில் தடுப்பு இல்லை. மும்பைக்குப் பக்கத்தில் ஜவாஹர்லால் நேரு துறைமுகத்தில் அவர்கள் நடத்தும் முனையமும் நின்றது. எண்ணூர் விரைவுச்சாலையில் ஜீரோ கேட் வரைக்கும் கன்டெய்னர் லாரிகள் நிற்பதைப் பார்த்தே வயதான எங்களுக்கு, அங்கே என்ன நடந்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. பத்தே நாளில் 4,000 சர்வர், 45,000 கம்ப்யூட்டர்களில் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றினார்கள் என்று மெர்ஸ்க் தலைவர் பிறகு சொன்னார்.

அதிலும் ஒரு சங்கதி. யார் யார் உள்ளே வரலாம் என்ற பட்டியலை வைத்திருக்கும் சர்வர்கள் உலகம் முழுக்க நூற்றுக்கும் மேல் இருந்தன. ஒன்று போனால் இன்னொன்று என்று ஒன்றுக்கொன்று நகலாக வைத்திருந்தார்கள். எல்லாம் ஒரே நேரத்தில் அழிந்தன. ஆப்பிரிக்காவில் கானா அலுவலகத்தில் மட்டும் ஒன்று பிழைத்தது. ஏன் தெரியுமா? அந்த நேரத்தில் அங்கே கரண்ட் இல்லை. கோடிக்கணக்கில் செலவழித்த கம்பெனியைக் காப்பாற்றியது ஒரு பவர் கட். வடசென்னையில் மே மாத ராத்திரிகளில் மின்வாரியத்தைத் திட்டும்போது இதையும் நினைத்துக்கொள்வேன்.

எனக்கு மிகவும் பிடித்தது இரண்டு சாவி முறை. சால்ட்ஸரும் ஷ்ரோடரும் அதையும் எட்டில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறார்கள். கருவூலத்தோடு சம்பந்தப்பட்டு வேலை பார்த்தவர்களுக்கு இரட்டைப் பூட்டு அறை தெரியும். ஒரு சாவி அதிகாரியிடம், இன்னொன்று காசாளரிடம். இருவரும் சேர்ந்து நின்றால்தான் கதவு திறக்கும். ஒருவர் கெட்டவராக இருந்தால் போதாது, இருவரும் கெட்டவர்களாகி, அதுவும் ஒருவரையொருவர் நம்ப வேண்டும். அரசு அலுவலகத்தில் அது அவ்வளவு சுலபம் இல்லை! பில் விஷயத்திலும் அப்படியே. தயாரிப்பவர் ஒருவர், சரிபார்ப்பவர் ஒருவர், கையெழுத்திடுபவர் ஒருவர். கம்ப்யூட்டர் வந்தபோது இந்த மூன்று படியையும் அப்படியே மூன்று பாஸ்வேர்டாக ஆக்கினார்கள். நல்ல யோசனை.

நடந்தது என்ன? சில வருஷங்களுக்கு முன்னால் என் பென்ஷன் சம்பந்தமாக ஒரு அலுவலகத்துக்குப் போனேன். பெயர் வேண்டாம். சரிபார்ப்பவர் லீவில், அதிகாரி மீட்டிங்கில். ஆனாலும் என் வேலை முடிந்தது. ஒரு பெண் குமாஸ்தா மூன்று தடவை உள்ளே போய் மூன்று பேராக வெளியே வந்தார். மூன்று பாஸ்வேர்டும் மானிட்டரின் ஓரத்தில் மஞ்சள் தாளில் ஒட்டியிருந்தன. அவரைத் திட்டி எழுத எனக்கு மனம் வராது. வாசலில் முப்பது கிழங்கள் உட்கார்ந்திருக்கின்றன, மாதத்துக்கு ஒரு தடவை பாஸ்வேர்டு மாற்றச் சொல்கிறது, பெரிய எழுத்து, சின்ன எழுத்து, எண், நட்சத்திரக் குறி எல்லாம் கேட்கிறது. அவர் என்ன செய்வார்? எழுதித்தான் வைப்பார். கெர்க்ஹாஃப்ஸ் சொன்ன ஆறாவது நிபந்தனை இதுதான். சால்ட்ஸரும் ஷ்ரோடரும் தங்கள் எட்டாவது கொள்கையில் சொல்வதும் இதையே. மனுஷன் இயல்பாகச் செய்யும்படி அமைக்காத பாதுகாப்பு, பாதுகாப்பே இல்லை. ஆனால் நம் அதிகாரிகளைக் கேட்டால் "ஊழியர்களுக்கு விழிப்புணர்வு இல்லை" என்பார்கள். நமக்கும் போனை எடுத்தால் ஓடிபி-யைச் சொல்லாதே என்று பாட்டு. வீட்டைக் கட்டியவன் கதவு வைக்க மறந்துவிட்டு, குடியிருப்பவனைப் பார்த்து ராத்திரி தூங்காதே என்கிறான்.

ஆக, என் வரிசை இதுதான். சுவர் கடைசி. தீவு, அணு உலை மாதிரி சில இடங்களுக்கு. அறை அறையாகப் பிரிப்பதும், வேலைக்குத் தக்க அதிகாரம் கொடுப்பதும், இரண்டு சாவியும் கட்டாயம். இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. அதற்குச் செலவே கிடையாது. தேவையில்லாததை வாங்கி வைத்துக்கொள்ளாதே. இல்லாத பணத்தை எந்தத் திருடனும் எடுக்க முடியாது.

இதைச் செய்ய வழி இல்லாமல் இல்லை. டிரிப்யூன் செய்தி வந்த சில நாளிலேயே ஆணையம் 'விர்ச்சுவல் ஐடி' என்று 16 இலக்க மாற்று எண்ணை அறிவித்தது. உண்மையான ஆதார் எண்ணைக் காட்டாமல் அதைக் கொடுக்கலாம், வேண்டாம் என்றால் மாற்றிக்கொள்ளலாம். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும்படி மறைத்த ஆதாரும் உண்டு. எவ்வளவு அருமையான வடிவமைப்பு! பாராட்ட வேண்டியதைப் பாராட்டுகிறேன். 2022 மே 27-ஆம் தேதி ஆணையத்தின் பெங்களூர் அலுவலகம், ஆதார் ஜெராக்ஸைக் கண்டவர்களிடம் கொடுக்காதீர்கள், மறைத்த ஆதாரைக் கொடுங்கள் என்று அறிவிப்பு வெளியிட்டது. 40 வருஷத்தில் ஒரு அரசு அலுவலகம் எனக்குப் பிடித்தமாதிரி எழுதிய கடிதம் அது. இரண்டே நாளில், 29-ஆம் தேதி, தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 2023-இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதிலும் அரசு தான் அறிவிக்கும் அரசு அமைப்புகளுக்கு விலக்குக் கொடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு பிரிவு வைத்திருக்கிறார்கள். நம் விவரத்தை அதிகம் வைத்திருப்பவர் யாரோ அவருக்கே விலக்கு.

போன மாதம் ஒரு சின்ன வேலைக்கு மறைத்த ஆதாரை எடுத்துக்கொண்டு ஒரு அலுவலகத்துக்குப் போனேன். இதுவும் பெயர் வேண்டாம். கவுன்டரில் இருந்த தம்பி திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"ஃபுல் நம்பர் தெரியலையே சார்."

"தெரியக்கூடாதுன்னுதானே தம்பி அப்படி எடுத்தது. கவர்மென்ட்டே குடுத்ததுதான் இது."

"இருக்கலாம் சார். எங்களுக்கு ஃபுல் நம்பர்தான் வேணும். கீழ ஜெராக்ஸ் கடை இருக்கு, ரெண்டு காப்பி எடுத்து, ரெண்டுலயும் சைன் பண்ணிக் குடுங்க."

"எதுக்கு ரெண்டு?"

"ஒண்ணு ஃபைலுக்கு. இன்னொண்ணு இருக்கட்டும் சார்."

அந்த 'இருக்கட்டும்' போய்ச் சேரும் பெட்டியையும் பார்த்தேன். மேஜைக்கு அடியில் பிஸ்கட் அட்டைப்பெட்டி, விளிம்பு வரைக்கும் ஆதார் ஜெராக்ஸ். இறங்கிப் போய் இரண்டு காப்பி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தேன், வேறு வழி? மறைத்த ஆதாரை மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொள்ளும் அலுவலகம் உங்கள் ஊரில் எங்காவது இருந்தால் எனக்கு எழுதுங்கள். அந்த ஊருக்கே மாற்றல் கேட்டு வந்துவிடுகிறேன். ரிட்டையர் ஆனவனுக்கு மாற்றல் உண்டா என்று மட்டும் கேட்காதீர்கள்.